வாசகர் கேள்வி – பதில்: வசை வாங்கிய டிக்கியும் கிறிஸ் பேங்கிளும்

சென்ற இதழில் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் முன்னாள் தலைமை வடிவமைப்பாளர் கிறிஸ் பேங்கிளைப் பற்றி இப்பகுதியில் சில வரிகள் எழுதியிருந்தேன். 2001-இல் அவர் பொறுப்பில் வெளிவந்த 7 சீரிஸ் என்ற பெரிய காரின் பின்புறத்தைக் கார் பிரியர்கள் கடுமையாக ஏசினார்கள் என்றும், சில ஆண்டுகளுக்குள் போட்டி நிறுவனங்களே அந்தப் பின்புறத்தைப் பின்பற்றின என்றும் அதில் குறிப்பிட்டிருந்தேன். அதைத் தொட்டு வந்த கடிதங்கள் நிறைய. இந்த இதழில் அவற்றுக்கு மட்டுமே பதில் சொல்கிறேன்.

கேள்வி: பேங்கிள் போதகராகப் போக இருந்தவர் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? ஓர் அமெரிக்கர் எப்படி ஜெர்மானியக் கார் நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவரானார்?
(ஒரு கல்லூரி ஆசிரியர், மதுரை)

பதில்: உண்மைதான். 1956-இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்து விஸ்கான்சினில் வளர்ந்த பேங்கிளுக்கு, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களில் மெதடிஸ்ட் திருச்சபையில் போதகராகும் எண்ணம் இருந்தது. பிறகு மனம் மாறி, கலிபோர்னியாவின் பாசடினாவில் உள்ள ஆர்ட் சென்டர் கல்லூரியில் சேர்ந்தார். உலகக் கார் நிறுவனங்களின் வடிவமைப்புக் கூடங்களில் இருப்போரில் பலர் அந்தக் கல்லூரியின் படிகளில் ஏறி இறங்கியவர்கள். அங்கிருந்து 1981-இல் ஜெர்மனியின் ஓப்பல் நிறுவனத்துக்குப் போனார். 1983-இல் காட்சிக்கு வந்த ஓப்பல் ஜூனியர் என்ற மாதிரிக் காரின் உட்புறத்தில் அவருடைய கை உண்டு. 1985-இல் இத்தாலியின் டூரின் நகருக்கு, ஃபியட் நிறுவனத்துக்கு மாறினார்.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஃபியட் கூபே. அந்தக் காருக்கு, ஃபெராரி கார்களை வரைந்து புகழ்பெற்ற பினின்ஃபரினா நிறுவனமும் ஒரு வடிவத்தைக் கொடுத்திருந்தது. ஃபியட் அதை ஒதுக்கிவிட்டுத் தன் சொந்தக் கூடத்தில் பேங்கிள் வரைந்ததைத் தேர்ந்தெடுத்தது. அதன் பின் உட்புறத்தை வரையும் வேலையையும் காரை உற்பத்தி செய்யும் வேலையையும் அதே பினின்ஃபரினாவிடம் கொடுத்தது. சக்கரங்களுக்கு மேலே கத்தியால் கீறியது போல் சாய்வாக ஓடும் கோடுகளே அந்தக் காரின் அடையாளம். அது 1993-இல் வெளிவந்து இத்தாலியர்கள் இரு கட்சியாகப் பிரிந்து பேசிக்கொண்டிருந்தபோது, வரைந்தவர் மியூனிக்கில் வேறொரு நிறுவனத்தின் மேசையில் உட்கார்ந்திருந்தார். இந்தத் தொழிலில் இது சாதாரணம். ஒரு கார் காகிதத்திலிருந்து சாலைக்கு வர மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆவதால், தான் வரைந்ததற்கான பாராட்டையும் திட்டையும் வடிவமைப்பாளர் பெரும்பாலும் அடுத்த வேலையில் இருக்கும்போதுதான் பெறுகிறார்.

பி.எம்.டபிள்யூவில் கிளவுஸ் லூட்டே 1990-இல் விலகிய பின் வடிவமைப்புக்கு நிலையான தலைவர் இல்லாமலிருந்தது. 1992 அக்டோபரில், முப்பத்தாறு வயது நிறைவதற்குச் சில நாட்களே இருந்தபோது, பேங்கிள் அந்தப் பதவிக்கு வந்தார். அதில் அமர்ந்த முதல் அமெரிக்கர் அவர். வந்த கையோடு எல்லாவற்றையும் உடைத்தார் என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. 1998-இல் வந்த 3 சீரிஸும் 1999-இல் வந்த எக்ஸ்5-உம் அவருடைய காலத்துக் கார்கள்தான். அவற்றை யாரும் ஏசவில்லை. முதல் ஒன்பது ஆண்டுகள் அவர் பெயர் துறைக்கு வெளியே அதிகம் தெரியாது.

கேள்வி: நான் வார்ப்படத் தொழிலில் இருப்பவன். 2001-இன் 7 சீரிஸில் உண்மையில் எதைப் பார்த்து அப்படிக் கோபப்பட்டார்கள்? அதை பேங்கிளே வரைந்தாரா?
(ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் வரையவில்லை. அந்தக் காரின் வெளிப்புறத்தை வரைந்தவர் டச்சுக்காரரான ஆட்ரியன் வான் ஹூய்டோங்க். கார் நிறுவனங்களில் தலைமை வடிவமைப்பாளர் பெரும்பாலும் பென்சில் பிடிப்பதில்லை. பலருடைய வரைபடங்களையும் களிமண் மாதிரிகளையும் ஒன்றோடொன்று மோதவிட்டு, எது நிற்க வேண்டும் என்று தீர்மானித்து, அதைப் பொறியாளர்களிடமிருந்தும் கணக்குப் பிரிவினரிடமிருந்தும் காப்பாற்றி இயக்குநர் குழுவின் ஒப்புதல் வரை கொண்டுபோவதுதான் அவர் வேலை. பேங்கிளே 2001 தொடக்கத்தில் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரையில், கலைக்கும் வணிகத்துக்கும் நடுவில் நிற்பதே தன் பணி என்ற பொருளில் விளக்கியிருக்கிறார். ஆனால் திட்டுகிறவர்களுக்கு ஒரு முகம் வேண்டும். டிக்கிக்கு பேங்கிளின் பெயரையே சூட்டினார்கள்; அந்த ஆங்கிலப் பட்டப்பெயரைக் குடும்ப இதழில் அச்சிட இயலாது.

இனி, கோபத்தின் காரணம். அதற்கு முந்தைய 7 சீரிஸ், 1994-இல் வந்தது, நீண்டு தாழ்ந்த, அமைதியான கார். அழகான செடான்களின் (டிக்கி தனியாக நீண்டிருக்கும் கார்களின்) பட்டியலை யார் போட்டாலும் அதற்கு இன்றும் இடம் உண்டு. பி.எம்.டபிள்யூ கார்கள் எல்லாம் ஒரே கார், மூன்று நீளங்களில் விற்கிறார்கள் என்ற கேலி அப்போது இருந்தது. கேலி செய்தவர்களே அந்த ஒற்றுமையை நேசித்தார்கள். அந்த இடத்தில் 2001 செப்டம்பரில், ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில், உயரமான, கனத்த உடலோடு ஒரு கார் வந்து நின்றது. ஹெட்லைட்டுக்கு மேலே புருவம் போல வளைந்த விளக்கு இருந்ததால் தூக்கம் கெட்டவரின் கண்களைப் போல முகம் இருந்தது. டிக்கியின் மூடி, இருபுறத் தகடுகளின் தொடர்ச்சியாக இல்லாமல், அவற்றின் மேல் தனியாகக் கொண்டுவந்து வைத்தது போல் துருத்தி நின்றது.

அந்த மூடி வெறும் விளையாட்டு அல்ல. காரின் உயரம் கூடும்போது பின்புறமும் உயர்ந்தாக வேண்டும். உயர்ந்த பின்புறம் காற்றோட்டத்துக்கும் நல்லது, பெட்டிகள் வைக்கவும் இடம் தரும். அந்த உயரத்தைச் சரிவாக மறைப்பதற்குப் பதிலாக, மூடியைத் தனி உருவமாகக் காட்டிவிடலாம் என்பது அவர்களுடைய முடிவு. தகட்டை ஆழமாக அழுத்தி, ஒரே துண்டில் சிக்கலான வளைவுகளைக் கொண்டுவரும் அளவுக்கு பிரஸ் வேலையும் முன்னேறியிருந்தது. உங்கள் தொழிலுக்குப் பக்கத்து விஷயம் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். அதுவரை காரின் பக்கத் தகடுகள் பெரும்பாலும் வெளிப்புறமாகப் புடைத்தவையாகவே இருந்தன. அவற்றின் மேல் விழும் ஒளி ஒரே கோடாக ஓடும். 2001-இல் காட்டிய எக்ஸ் கூபே என்ற மாதிரிக் காரிலும், 2002-இல் வந்த இசட்4-இலும் பேங்கிளின் குழுவினர் ஒரே தகட்டில் புடைப்பையும் குழிவையும் முறுக்கிச் சேர்த்தார்கள். தீச்சுடரின் அசைவோடு ஒப்பிட்டு அந்த முறைக்குப் பெயர் வைத்தார்கள். குழிந்த பரப்பு நிழலைப் பிடித்துக்கொள்ளும். புகைப்படத்தில் அது நசுங்கிய தகடு போலத் தெரியும். கார் நகரும்போதுதான் அதன் நோக்கம் விளங்கும். அந்தக் கார்களைப் பற்றிய முதல் கருத்துகள் ஏறக்குறைய எல்லாமே புகைப்படத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டவை என்பதை மறக்கக்கூடாது.

கோபத்தில் பாதி வடிவத்தின் மேல் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே காரில் ஐடிரைவ் என்ற ஒற்றைத் திருகு குமிழ் வந்தது. குளிர்சாதனம், வானொலி, தொலைபேசி என நூற்றுக்கணக்கான அமைப்புகளை அந்தக் குமிழைத் திருகியும் தள்ளியும் அழுத்தியும் திரையில் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. கியர் மாற்றும் கோல் ஸ்டீயரிங் தண்டுக்குப் போய்விட்டது. காருக்குள் உட்கார்ந்து எரிச்சலடைந்தவர், இறங்கிப் பின்பக்கம் வந்து டிக்கியைப் பார்த்து மீதியையும் திட்டியிருப்பார் என்று நான் ஊகிக்கிறேன். 2007-இல் டைம் இதழ் வெளியிட்ட, எக்காலத்துக்குமான மோசமான ஐம்பது கார்களின் பட்டியலிலும் இது இடம்பெற்றது.

கேள்வி: பேங்கிளை வேலையை விட்டு நீக்கச் சொல்லி ஆயிரக்கணக்கானவர்கள் இணையத்தில் கையெழுத்திட்டார்கள் என்கிறார்கள், கார் நன்றாக விற்றது என்றும் சொல்கிறார்கள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? அப்படியானால் பொதுமக்களின் ரசனைக்கு மதிப்பே இல்லையா?
(ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: இரண்டும் உண்மை. அந்த 7 சீரிஸ் 2008 வரை உற்பத்தியில் இருந்து 3 லட்சத்துக்கும் மேல் விற்றது. 2005-இல் பி.எம்.டபிள்யூ உலக விற்பனையில் மெர்சிடிஸ் பென்ஸைத் தாண்டியது. வடிவம்தான் அதற்குக் காரணம் என்று சொல்ல நான் துணிய மாட்டேன். அந்த ஆண்டுகளில் மெர்சிடிஸ் தரக் குறைபாடுகளோடு போராடிக்கொண்டிருந்தது. ஆயினும் வடிவம் விற்பனையைக் கெடுத்தது என்று எவராலும் நிறுவ முடியாது. அதைவிடப் பெரிய சான்று வேறு. 2005-இல் வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸிலும், 2006-இல் வந்த டொயோட்டா கேம்ரியிலும் டிக்கி மூடி அதே போல் தனித்து உயர்ந்து நின்றது. ஆடி நிறுவனமும் மெர்சிடிஸும் திருகு குமிழையும் எடுத்துக்கொண்டன.

கையெழுத்திட்டவர்களும் வாங்கியவர்களும் வெவ்வேறு ஆட்கள் என்பது முதல் விளக்கம். 7 சீரிஸைப் புதிதாக வாங்குபவர் நிறுவன அதிபர், உயர் அதிகாரி. மூன்று நான்கு ஆண்டுக்கொரு முறை மாற்றுபவர். தன் கார் புதிது என்று எதிர்வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டும் என்று விரும்புபவர். கையெழுத்திட்டவர்களில் பெரும்பாலோர் பழைய பி.எம்.டபிள்யூக்களைப் பராமரித்து ஓட்டும் பக்தர்களாக இருந்திருப்பார்கள். அவர்களுடைய அன்பு பொய்யல்ல. ஆனால் அந்த நிறுவனத்துக்குப் புதுக் கார் விற்ற பணத்தில்தான் சம்பளம் கொடுக்க முடியும்.

பழக்கம் என்பது இரண்டாவது விளக்கம். ஒன்றை அடிக்கடி பார்ப்பதாலேயே அதன் மேல் விருப்பம் கூடுகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஜயான்ஸ் 1968-இல் ஆய்வுகளோடு எடுத்துக்காட்டினார். கார்பன், லெடர் என்ற இரு ஆய்வாளர்கள் 2005-இல் கார்களின் உட்புற வடிவங்களைக் கொண்டே இதைச் சோதித்தார்கள். புதுமை மிகுந்த உட்புறங்களுக்கு முதல் பார்வையில் குறைந்த மதிப்பு கிடைத்தது. அவற்றைப் பல கோணங்களில் திரும்பத் திரும்ப மதிப்பிடச் செய்தபோது விருப்பம் ஏறியது. முதலில் பிடித்திருந்த வழக்கமான வடிவங்களோ அந்த ஏற்றத்தைப் பெறவில்லை. கார் நிறுவனங்கள் பெயர்ப்பலகை இல்லாத மாதிரியை ஓர் அறையில் நிறுத்தி, பொதுமக்களை அழைத்து மதிப்பெண் போடச் சொல்லும் வழக்கம் உண்டு. ஒரு மணி நேரத்தில் அங்கே அளக்கப்படுவது பெரும்பாலும் அந்தக் கார் எவ்வளவு பழகியதாகத் தெரிகிறது என்பதுதான். பிரெஞ்சு நிறுவனமான ரெனோ 1992-இல் காட்டிய டுவிங்கோ என்ற சிறு காருக்கு அத்தகைய சோதனையில் வெறுத்தவர்களே அதிகம் கிடைத்தார்கள். ஏறக்குறைய கால் பங்கினர் மட்டும் மிகவும் விரும்பினார்கள். வடிவமைப்புத் தலைவர் பாட்ரிக் லெ கெமோ அந்தக் கால் பங்கே போதும் என்று வாதாடி நிறுவனத் தலைவரைச் சம்மதிக்க வைத்தார். எல்லோரும் பரவாயில்லை என்று சொல்லும் காரை எவரும் தேடி வந்து வாங்குவதில்லை என்பது அவர் கணக்கு. டுவிங்கோ பெரு வெற்றி பெற்றது.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் நான் வடிவமைப்பாளர்களின் வக்கீலாகிவிடுவேன். பழகினால் பிடித்துவிடும் என்ற வாதத்தைக் கையில் கொடுத்தால் எந்தக் கோணலையும் நியாயப்படுத்தலாம். 2000-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த பான்டியாக் அஸ்டெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மலையேறும் இளைஞர்களுக்கான கார் என்ற எண்ணத்தில் கவர்ச்சியான ஒரு மாதிரியைக் காட்டிவிட்டு, செலவை மிச்சப்படுத்த அதைக் குடும்ப வேன் ஒன்றின் அடித்தளத்தின் மேல் ஏற்றினார்கள். சக்கரங்கள் சிறுத்தன, உடல் உயர்ந்தது, அகலம் போதவில்லை. ஆண்டுக்கு 75,000 கார்கள் என்று திட்டமிட்டார்கள். மிக நன்றாக விற்ற ஆண்டில்கூட 28,000-ஐ எட்டவில்லை. அந்தக் காரின் மேலிருந்த வெறுப்பு காலத்தோடு கரையவில்லை. காரணம், அது புதுமையின் மேல் வந்த வெறுப்பல்ல, அளவுப் பொருத்தத்தின் மேல் வந்தது. சக்கரத்துக்கும் உடலுக்கும், பானெட்டுக்கும் கூரைக்கும் உள்ள விகிதம் தவறினால் எத்தனை ஆண்டு பார்த்தாலும் கண் சமாதானமாகாது.

7 சீரிஸிலும் பொதுமக்கள் முழுக்கத் தவறவில்லை. 2005-இல் பி.எம்.டபிள்யூ அந்தக் காரைத் திருத்தியபோது எவற்றைத் தொட்டது என்று பாருங்கள்: ஹெட்லைட்டையும் டிக்கியையும்தான். ஐடிரைவுக்கும் பின்னாளில் நேரடிப் பொத்தான்களைச் சேர்த்தார்கள். கோபக்காரர்கள் விரல் நீட்டிய இடங்கள் இவைதாம். என் கருத்தைக் கேட்டால், எங்கே உறுத்துகிறது என்பதைப் பொதுமக்கள் அநேகமாகச் சரியாகவே சொல்கிறார்கள்; அதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் மட்டும் பழைய காரையே திரும்பக் கொடுங்கள் என்கிறார்கள். முதல் பாதியைக் காதில் வாங்கி, இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறவரே நல்ல வடிவமைப்பாளர். பேங்கிள் முதல் பாதியையும் சற்றுத் தாமதமாகத்தான் வாங்கினார் என்பேன்.

கேள்வி: சென்னை அருகே பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை இருக்கிறதே, அங்கே தயாரான கார்களில் பேங்கிளின் கார்கள் உண்டா?
(ஒரு வாசகர், சிங்கப்பெருமாள் கோவில்)

பதில்: உண்டு. உங்கள் ஊருக்குப் பக்கத்தில், மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் அந்தத் தொழிற்சாலை 2007 மார்ச்சில் 3 சீரிஸ், 5 சீரிஸ் கார்களோடு தொடங்கியது. இரண்டுமே பேங்கிள் காலத்துக் கார்கள். அந்த 3 சீரிஸை வரைந்தவர் ஜப்பானியரான ஜோஜி நாகஷிமா. இசட்3 என்ற இரு இருக்கைக் காரும் அவர் கைவண்ணம்தான். 2003-இல் வந்த 5 சீரிஸை வரைந்தவர் டாவிதே ஆர்காஞ்செலி என்ற இளம் இத்தாலியர். அவர் 2000-இல் ரத்தப் புற்றுநோயால் இறந்துபோனார்; தன் கார் சாலைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. அந்தக் காரின் கழுகுப் பார்வை கொண்ட ஹெட்லைட்டையும் அன்று கேலி செய்தார்கள். இன்று அந்தத் தலைமுறை 5 சீரிஸின் வேகமான வகையான எம்5, பத்து சிலிண்டர் எஞ்சினுக்காகச் சேகரிப்பாளர்கள் தேடும் கார்.

கேள்வி: நம் ஊரில் மக்கள் அசிங்கம் என்று சொல்லியும் வென்ற கார் ஏதாவது உண்டா?
(ஒரு வாசகர், ஸ்ரீபெரும்புதூர்)

பதில்: உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே பிறந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் 1998-இல் உற்பத்தியைத் தொடங்கிய சான்ட்ரோவைத்தான் சொல்கிறேன். தாழ்வான மாருதி ஜென்னை அழகின் அளவுகோலாக வைத்திருந்த கண்களுக்கு, நிமிர்ந்து நின்ற அந்தக் கார் ஒட்டகம் போலத் தெரிந்தது. நிறுவனமோ உயரத்தை மறைக்காமல், டால் பாய் (உயரமான பையன்) என்று அதையே பெருமையாக விளம்பரப்படுத்தியது. சேலை கட்டியவர்களும் முழங்கால் வலிக்காரர்களும் குனியாமல் ஏறி இறங்கினார்கள். அழகைப் பற்றிய பேச்சு தானாக அடங்கியது.

அதே காலத்தில் டேவூ மாட்டிஸ் வந்தது. அதை வரைந்தவர் ஜார்ஜெட்டோ ஜுஜாரோ. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபின் முதல் தலைமுறையைத் தந்த மேதை. 1999-இல் நூற்றாண்டின் கார் வடிவமைப்பாளர் என்ற விருதைப் பெற்றவர். ஃபியட்டுக்காக அவர் 1993-இல் முன்வைத்த ஒரு மாதிரியின் வழிவந்ததே மாட்டிஸ். பார்த்தவர்கள் எல்லோரும் அழகு என்றார்கள். தாய் நிறுவனமான டேவூ கடனில் மூழ்கியதால் சில ஆண்டுகளில் அது நம் சாலைகளை விட்டு மறைந்தது. சான்ட்ரோ 2014 வரை விற்றது. ஒரு கார் வெல்வதும் தோற்பதும் பல நேரங்களில் அதன் முகத்தைப் பொறுத்ததாக இருப்பதில்லை.

கேள்வி: பேங்கிளின் டிக்கியாவது பரவாயில்லை. நம் நாட்டுச் சிறு செடான்களின் டிக்கி வெட்டி எடுத்தது போல இருக்கிறதே, இதை எந்த வடிவமைப்பாளர் செய்தார்?
(ஒரு வாசகர், சேலம்)

பதில்: அதைச் செய்தது மத்திய நிதி அமைச்சகம். 2006-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும் குறிப்பிட்ட அளவுக்கு உட்பட்ட எஞ்சினும் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தார்கள். செடானின் அழகே நீளத்தில்தான் இருக்கிறது. பானெட்டும் டிக்கியும் கூரையின் இருபுறமும் ஒன்றையொன்று சமன் செய்ய வேண்டும். நான்கு மீட்டருக்குள் ஐந்து பேரையும் எஞ்சினையும் வைத்த பின் டிக்கிக்கு மிஞ்சுவது ஒரு முழம். 2008-இல் டாட்டா இண்டிகோ சி.எஸ். அந்த வழியைத் திறந்தது. நான்கு மீட்டரைத் தாண்டியிருந்த மாருதி டிசையர் 2012-இல் 3,995 மில்லிமீட்டருக்குச் சுருங்கியது. 2025 செப்டம்பரில் சரக்கு சேவை வரியை மாற்றியபோதும் நான்கு மீட்டர் எல்லை அப்படியேதான் இருக்கிறது. இத்தனை கட்டுக்குள் இப்போதைய டிசையரைப் பார்க்கும்படி வரைந்திருக்கிறார்களே, அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகள் நோட்டுப் புத்தகம் முழுக்கக் கார் வரைகிறாள். இதைத் தொழிலாக எடுத்துக்கொள்ள முடியுமா? என்ன படிக்க வைக்க வேண்டும்?
(ஒரு தந்தை, ஈரோடு)

பதில்: முடியும். அகமதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய வடிவமைப்பு நிறுவனம் தன் காந்திநகர் வளாகத்தில் வாகன வடிவமைப்பை முதுநிலைப் படிப்பாக நடத்துகிறது, மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பள்ளியிலும் அதே துறையில் முதுநிலைப் படிப்பு உண்டு. ஆகவே முதலில் இளநிலையில் தயாரிப்புப் பொருள் வடிவமைப்போ இயந்திரப் பொறியியலோ படிப்பது வழக்கமான பாதை. ஐ.ஐ.டி.க்களில் இளநிலை வடிவமைப்புக்கு யூசீட் என்ற நுழைவுத் தேர்வும், தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு அதற்கே உரிய தேர்வும் இருக்கின்றன. இடங்கள் மிகக் குறைவு என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

நோட்டுப் புத்தகத்தைப் பற்றி ஒன்று. பக்கவாட்டில் பார்த்த முழுக் காரையே அவள் திரும்பத் திரும்ப வரைகிறாள் என்றால், அதை நிறுத்திவிட்டு, வீட்டு வாசலில் நிற்கும் ஏதாவது ஒரு காரின் கதவுக் கைப்பிடியையும், அதைச் சுற்றியுள்ள தகட்டில் காலையிலும் மாலையிலும் ஒளி எப்படி விழுகிறது என்பதையும் வரையச் சொல்லுங்கள். வேலைக்குப் போனால் முதல் சில ஆண்டுகளில் அவளுக்குக் கிடைப்பது முழுக் காராக இருக்காது. ஒரு பக்கக் கண்ணாடியின் உறையோ, சக்கரத்தின் ஆரங்களோ, காற்று வரும் துவாரமோதான் கிடைக்கும். கணினியில் முப்பரிமாண மென்பொருள்கள் எவ்வளவோ வளர்ந்துவிட்டாலும், முழு அளவுக் களிமண் மாதிரியைச் செதுக்கி, அதன் மேல் கையைத் தடவிப் பார்த்துத் திருத்தும் வழக்கம் பெரிய நிறுவனங்களில் இன்னும் இருக்கிறது. அந்தப் பழக்கம் ஹார்லி ஏர்ல் 1927-இல் ஜெனரல் மோட்டார்ஸில் வடிவமைப்புக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கிய காலத்திலிருந்து வருகிறது. எனவே மண்ணிலும் கை பழகட்டும். தான் ஆறு மாதம் பாடுபட்டதை ஒரு கூட்டத்தில் பத்து நிமிடத்தில் ஒதுக்கிவிட்டால் மறுநாள் காலை மீண்டும் உட்கார்ந்து வரைய முடியுமா என்பதையும் அவளிடமே கேட்டுப் பாருங்கள். அதற்கு அவள் சொல்லும் பதிலைத்தான் மதிப்பெண் பட்டியலைவிட நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

கேள்வி: எல்லாக் கார்களும் ஏன் இப்போது ஒரே மாதிரி இருக்கின்றன?
(ஒரு வாசகி, திருச்சி)

பதில்: எரிபொருளை மிச்சப்படுத்தும் வடிவம் எது என்று கேட்டால், காரின் மேல் காற்றை வீசிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே விடையைத்தான் தருகிறது. நடந்து செல்பவர் மோதினால் தலையில் பலத்த அடி படாமலிருக்க பானெட் உயர வேண்டும் என்று விதிகள் வந்துவிட்டன. பல நிறுவனங்கள் ஒரே அடித்தளத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. மிச்சமிருக்கும் சுதந்திரம் முகத்தில்தான். அதனால்தான் முன்பக்கத்தின் வலை போன்ற கிரில்லும் விளக்குகளும் இப்படி வளர்ந்துகொண்டே போகின்றன. 2020-இல் பி.எம்.டபிள்யூ 4 சீரிஸின் பெரிய மூக்கை, அதாவது கிரில்லைக் கண்டு எழுந்த கூச்சல் 2001-இல் கேட்ட அதே கூச்சல். ஒரு வித்தியாசம் மட்டும் சொல்வேன்: அன்றைய டிக்கிக்கு உயரம், காற்று, இடம் என்று காரணங்கள் இருந்தன; இன்றைய மூக்குக்குக் கூட்டத்தில் தனித்துத் தெரிய வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: பேங்கிளை நீக்கிவிட்டார்களா? இப்போது என்ன செய்கிறார்?
(ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: நீக்கவில்லை. 2004-இல் மினி, ரோல்ஸ் ராய்ஸ் உள்ளிட்ட குழுமம் முழுவதன் வடிவமைப்புக்கும் அவரைப் பொறுப்பாக்கி, பி.எம்.டபிள்யூ கார்களை மட்டும் வான் ஹூய்டோங்கிடம் கொடுத்தார்கள். எதிர்ப்பாளர்கள் சிலர் அதைப் பதவியிறக்கம் என்று எண்ணிக் கொண்டாடினார்கள். வெறுத்த டிக்கியை வரைந்தவரே அந்த இடத்துக்கு வந்திருக்கிறார் என்பதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. 2008-இல் தகட்டுக்குப் பதிலாகத் துணியைப் போர்த்திய, தேவைக்கேற்ப உருவம் மாறும் ஜீனா என்ற மாதிரிக் காரைப் பொதுமக்களுக்குக் காட்டிவிட்டு, 2009 பிப்ரவரியில் தாமாகவே விலகினார்.

இத்தாலியின் பியமாண்ட் பகுதியில் கிளவேசானா என்ற சிற்றூரில் குடியேறித் தனி வடிவமைப்புக் கூடம் நடத்துகிறார். சீன நிறுவனம் ஒன்றுக்காக அவர் வரைந்த ரெட்ஸ் என்ற சிறிய மின்சாரக் காரை 2017-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் காட்டினார்கள். அதையும் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர் செய்தவற்றில் எவரும் குறை சொல்லாத ஒன்று, 2010-இல் கிளவேசானாவின் குன்றின் மேல் நிறுவிய ராட்சதச் சிவப்புப் பெஞ்சு. பெரியவர்கள் ஏறி உட்கார்ந்தால் குழந்தையைப் போலக் கால்கள் தொங்கும் அளவில் செய்தார். அக்கம் பக்கத்து ஊர்கள் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டதால் அதன் வரைபடத்தைக் கொடுத்து உதவினார். இன்று அத்தகைய பெஞ்சுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, அவற்றைத் தேடிச் சுற்றுலாப் பயணிகளும் போகிறார்கள்.